சீட்டு எண் நூற்றுப் பதினேழு

பெயர் அஞ்சலாட்சி. வயது அறுபத்திரண்டு.
வலது கண், புரை.
ஊர் எது என்றதற்கு அவள் சொன்னதை
என் விரல் அடிக்க மறுத்தது
ஒரு நொடிதான்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.

கடலூர் அரசு மருத்துவமனை,
புறநோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிற இடம்.
இருபத்திரண்டு வருடமாய் எங்கள் கரையில்
யாரும் உரக்கச் சொல்லாத ஊர்ப்பெயரைக்
கணிப்பொறியில் ஏற்றினேன்,
கூடவே ஓர் எழுத்துப் பிழையையும்.

அம்மா ஏலத்துக்குப் போவாள், விடிகாலை மூன்றுக்கு.
அதற்குமுன் என்னைத் துணிமூட்டைபோல் தூக்கி
உப்பனாற்றில் தோணி ஏற்றுவாள்.
அவளுக்கு ஒரு ரூபாய்.
தூங்குகிற பிள்ளைக்குக் காசில்லை.
அக்கரையில் முதல் சந்து, நீலக் கதவு,
அஞ்சலாட்சியின் பாயில் பாதி எனக்கு.
அவள் மகன் கோதண்டத்துக்குக் கால்மாட்டில்தான் இடம்.
அந்தக் கோபத்தில் என்னைக் கிள்ளுவான்.
நான் கத்துவேன்.
இருவரையும் அடிப்பாள்,
அவனை ஓங்கி, என்னைச் சத்தத்துக்கு.

வலைதான். வேறொன்றுமில்லை.
அவர்களிடம் சுருக்குமடி, எங்களிடம் செவுள்வலை.
ஒருநாள் கடலில் படகும் படகும் மோதின.
தேசிங்கு மாமா வலது கையில்
மூன்று விரலோடு கரை திரும்பினார்.
வெட்டியவன் கோதண்டம் என்றார்கள்.
அவனுக்குப் பதினேழு முடிந்திருந்தது.
அன்று ராத்திரி அவர்கள் பக்கம்
இரண்டு படகு எரிந்தது.
யார் எரித்தது என்று போலீஸ் கேட்டபோது
எங்கள் தெருவே தூங்கிக்கொண்டிருந்ததாம்.
அப்பாவின் சட்டையில்
ஒரு வாரம் டீசல் நெடி போகவில்லை.

அக்கரையில் கால் வைத்தால் பத்தாயிரம் அபராதம்,
பேசினால் ஐந்தாயிரம்
என்றது பஞ்சாயத்து.
அம்மா விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்,
பிறகு விரல்களை மடக்கிக்கொண்டாள்.
எனக்கு அப்போது ஒன்பது வயது.
என் மாற்றுப் பாவாடை
நீலக் கதவுக்கு உள்ளே கொடியில் கிடந்தது.
பிற்பாடு பாலம் வந்தது.
பேருந்து போகிறது.
நான் ஏறியதில்லை.

"நீ எந்த ஊரு பாப்பா?"
கண்ணாடித் துளை வழியாகக் கேட்டாள்.
திருப்பாதிரிப்புலியூர் என்றேன்.
"கோயிலுக்கு எந்தப் பக்கம்?"
பின்பக்கம் என்றேன்.
"குளத்தங்கரையா?"
ஒரு பொய்க்கு
எத்தனை தெரு தேவைப்படுகிறது.

நான்காம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள்.
மறு பரிசோதனைத் தேதியைக் குறித்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள், நகரவில்லை.
"ஊர்ப் பேர்ல ஒத்தெழுத்து தப்பாம்,
நர்சம்மா சொன்னா.
திருப்பாதிரிப்புலியூர்க்காரிக்கு
அப்படித்தான் வரும்."
துளைக்குள் கையை விட்டு
என் இடது காதைத் தொட்டாள்,
கம்மல் அறுத்துத் தொங்கிய அன்று
அவள் மடியில் போட்டு ஒட்டவைத்த காதை.
"கோணலாத்தான் ஆறியிருக்கு.
அன்னைக்கு நீ ஆடாம இருந்திருக்கணும்."

கோதண்டத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை.
கேப்பர் மலைச் சிறைக்கு எத்தனை வருடம் நடந்தாள் என்று
நானும் கேட்கவில்லை.
டீசலைப் பற்றி நாங்கள் இருவரும்
வாய் திறக்கவில்லை.
அடுத்த ஆள் இருமினார்.
பலகைமேல் ஒரு பாலிதீன் பையை வைத்துவிட்டுப் போனாள்,
சென்னாக்குன்னி, கால்கிலோ இருக்கும்.

இரவு எண்ணெய் விடாமல் வறுத்தேன்.
மாமா மூன்று விரலால் ஒரு கவளம் எடுத்தார்.
மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.
"இது நம்ம கரையில காஞ்சதில்ல" என்றார்.
"ஒரு மண் இல்லாம பொடைச்சிருக்கா."
பொடைச்சிருக்கா.
அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.
மாமா தட்டை என் பக்கம் நகர்த்தினார்,
இன்னும் கொஞ்சம் போடு என்பதுபோல்.
போட்டேன்.

மறு பரிசோதனை இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை.
அன்று எனக்கு வார விடுப்பு.
நாளை மாற்றிக்கொள்ளலாமா என்று
அடுத்த கவுண்டர் பரிமளாவைக் கேட்டிருக்கிறேன்.
வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.